பெட்டி இல்லாத சட்டம் எதற்கு?



இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, "எத வேணும்னாலும் எழுதுப்பா, அந்த போட் விஷயத்த மட்டும் உட்டுடு" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் நான் எழுத நினைத்தது அதைத்தான், எழுதியதும் அதைத்தான். அப்படியும் வெளியிட முன்வந்த மலர்க்குழுவின் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி!

விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. மழைக்காலத்தில் ஊருக்குப் பயன்படும்படி காற்றடைத்த மீட்புப் படகு ஒன்றை வாங்குவது, அதற்கு நம் ஒர்க்ஷாப்பிலேயே சட்டமும் ரோல் பாரும் செய்து பொருத்துவது, பேரவையின் பெயரைப் பெரிதாக எழுதி ஊருக்கு வழங்குவது என்று பேரவைக் கூட்டத்தில் பேசினோம். பேசியதும் கைதட்டல் அதிர்ந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதுமட்டுமல்ல, பழைய படகு ஒன்றில் முயற்சி செய்து பார்த்தபோது பைப் அறுத்ததும், வளைத்ததும், வெல்டிங் வைத்ததும் என் கைதான். அதே கையால்தான் இன்று எழுதுகிறேன்: அந்த ரோல் பார் நமக்கு வேண்டாம்.

"இன்னாடா, நீயே செஞ்சிட்டு நீயே வேணாங்கிற?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் ஊருக்குப் படகா?

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆரணி என்றால் பட்டு, பட்டு என்றால் தறி. இங்கே படகுக்கு என்ன வேலை? கமண்டல நாகநதியில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் தண்ணீரைவிட மணல்தானே அதிகம்! ஆனால் 2021 நவம்பரில் பாலாறும் அதன் கிளைகளும் எப்படி ஓடின என்று பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணையில் தண்ணீர் திறந்தால் நம் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நம் மாவட்டத் தலைநகரில் நடந்தது அது. ஆகவே "நமக்கு வெள்ளம் வராது" என்ற பேச்செல்லாம் பழைய பேச்சு.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அவர்கள் வருவார்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை ஒரு தெருவில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரை யார் தூக்குவது? நாம்தான். அதனால் படகு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் சண்டையெல்லாம் அதன் மேல் நாம் நிறுத்த நினைக்கிற அந்த வளைவுக் குழாயோடுதான்.

அப்பா கேட்ட கேள்வி

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஓரளவு தேய்ந்த, நான்கு மீட்டர் நீளமுள்ள காற்றடைத்த படகு ஒன்று எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. ரப்பரும் பலகையும் சேர்ந்து எழுபது கிலோ இருக்கும். எங்கள் எல்லோர் மனதிலும் ஒரு படம் இருந்தது. கடலோரக் காவல் படையின் வேகப் படகுகளில் பின்பக்கம் ஒரு பெரிய வளைவு நிற்குமே, விளக்கும் ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு! அதைப் பார்த்தாலே ஒரு கம்பீரம். அதே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. டிராயிங் போட்டோம். ஒன்றரை அங்குல பி கிளாஸ் எம்.எஸ். பைப் எடுத்தோம். வளைத்து, வெல்டிங் வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, மோட்டார் மாட்டுகிற பின்பலகையில் போல்ட் போட்டு இறுக்கினோம். பார்க்க அட்டகாசமாக இருந்தது!

அன்று இரவு வீட்டில் அப்பாவிடம் மொபைலில் போட்டோ காட்டினேன். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடியே வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. மேல இருக்கற சட்டம் எதுக்கு?"

"ரோல் பார்ப்பா. படகு கவுந்தா பாதுகாப்பு."

"எப்பிடிப் பாதுகாப்பு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா தலைக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே எங்கள் தறியின் சட்டம், அதன் மேல் ஜக்கார்டு பெட்டி.

"பெட்டி மேல உக்காரணும், அதுக்குச் சட்டம் போட்டோம். பெட்டியே இல்லாம சட்டம் மட்டும் போட்டா எதுக்குடா? வேட்டி காயப் போடவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டாவது படித்தவருக்கு ரோல் பார் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஏரியில் நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஏரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை. அது எங்கள் தவறு. தண்ணீர் நான்கடி, நாலரை அடிதான், அதற்குக் கீழே சேறு. ஐந்து பேர் ஏறினோம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருந்தது. அது ஒன்றுதான் அன்று நாங்கள் ஒழுங்காகச் செய்தது.

ஒரு நண்பன் போட்டோவுக்காக டியூப் மேல் ஏறி நின்று, ரோல் பாரின் உச்சியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தான். அவ்வளவுதான். எதுவும் யோசிப்பதற்குள் படகு தலைகீழ். நான்கு பேர் வெளியே வந்துவிட்டோம். ஐந்தாவது ஆள் வரவில்லை.

படகைப் புரட்டப் பார்த்தோம். புரளவில்லை. காரணம், நான் செய்த ரோல் பார் தலைகீழாகச் சேற்றில் முளைக்குச்சி மாதிரி இறங்கி நின்றுவிட்டது. உள்ளே இருந்தவனின் லைஃப் ஜாக்கெட் வார், பைப்பை இணைத்த பிராக்கெட்டின் முனையில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் கிரைண்டிங் போடாமல் விட்ட பிசிறு அது. டியூப்புகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று தங்கியிருந்ததால் அவன் மூச்சு விட முடிந்தது. ஒருவன் உள்ளே முங்கிப் போய் வாரைக் கழற்றி இழுத்து வந்தான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தை நான் இன்னும் தாண்டவில்லை, தோழர்களே.

வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அதனால்தான் பேரவைக் கூட்டத்தில் கைதட்டும்போது என் கை நடுங்கியது. அந்த நண்பனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உண்மையில் அது எதற்கு?

அதன் பிறகுதான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் ஆர்.என்.எல்.ஐ. என்று ஓர் உயிர்காப்புப் படகு அமைப்பு இருக்கிறது. 1824-ல் தொடங்கியது. அதன் சிறு படகுகளில் 'அட்லாண்டிக் 21' என்பது 1972-ல் பணிக்கு வந்தது. அடியில் கெட்டியான உடல், சுற்றிலும் காற்று டியூப். இந்த வகைப் படகை உருவாக்கியது ஒரு பெரிய கம்பெனி என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! வேல்ஸ் நாட்டில் அட்லாண்டிக் கல்லூரி என்ற கல்விக்கூடத்தில், அதன் முதல் தலைமையாசிரியரான முன்னாள் கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோர் தன் மாணவர்களோடு சேர்ந்து 1960-களில் செய்து செய்து பார்த்து உருவாக்கியது. காப்புரிமையை ஒரே ஒரு பவுனுக்கு அந்த அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். கல்லூரியின் பெயரே படகின் பெயரானது. ஒர்க்ஷாப் மாணவர்களாகிய நமக்கு இதைவிடப் பெருமையான செய்தி வேறென்ன?

அந்தப் படகின் பின்பக்கத்தில் வளைவுச் சட்டம் உண்டு. ஆனால் அதன் உச்சியில் மடித்து வைத்த ஒரு பை இருக்கிறது. அதுதான் சூட்சுமம். அகலமான காற்றுப் படகு நேராக இருக்கும்போது எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்தபின் தலைகீழாகவும் கிட்டத்தட்ட அவ்வளவு உறுதி. தஞ்சாவூர் பொம்மைக்கு அடியில் கனம் இருப்பதால் தானாக எழுந்து நிற்கிறது. தட்டையான படகுக்கு அந்த வசதி இல்லை. பாய் போலத் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் படகு கவிழ்ந்தால் குழுவினர் பின்பக்கம் வந்து சேருவார்கள். ஒருவர் கைப்பிடியை இழுப்பார். சிலிண்டரிலிருந்து வாயு பாய்ந்து, தண்ணீருக்கு அடியில் இருக்கிற அந்தப் பை ஊதிக்கொள்ளும்.

கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருநூறு லிட்டர் பை தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தால் ஏறக்குறைய இருநூறு கிலோ விசையோடு மேலே வரத் துடிக்கும். அந்த விசை படகோடு ஒட்டியே இருந்தால் புரட்டாது. தள்ளி, ஒரு நெம்புகோலின் முனையில் இருந்தால்தான் புரட்டும். அந்த நெம்புகோல்தான் ரோல் பார்! சில விநாடிகளில் படகு நிமிர்ந்துவிடும். தலைகீழாக நனைந்த மோட்டாரையும் மறுபடி ஸ்டார்ட் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஜீப்பில் இருக்கிற ரோல் பார் உருளும்போது தலை நசுங்காமல் காக்கிறது. படகில் பெயர் அதேதான், வேலை வேறு. அந்த வேலையோடு, உயரத்தில் ஆன்டெனாவும் விளக்கும் வைப்பது, இழுவைக் கயிறு மோட்டாரில் சிக்காமல் போக உயரம் கொடுப்பது என்று சில உபரி வேலைகளையும் அந்தச் சட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் கெட்டியான அடிப்பாகமுள்ள, கடலில் ஓடுகிற படகுக்கு. அதே அமைப்பு 1963 முதல் 'டி கிளாஸ்' என்ற சிறிய காற்றுப் படகையும் வைத்திருக்கிறது. அதில் ரோல் பாரே கிடையாது! கவிழ்ந்தால் குழுவினரே கயிறு போட்டு, ஒரு பக்க டியூப் மேல் நின்று, மறுபக்கத்தைப் பின்னால் சாய்ந்து இழுத்துப் புரட்டிவிடுவார்கள். அதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

அப்பா சொன்னது இப்போது புரிகிறதா? பைதான் பெட்டி. பெட்டி இல்லாத சட்டத்தை நாங்கள் நிறுத்தினோம்.

நாங்கள் செய்த தப்புக் கணக்கு

அந்தப் பைப் மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ. நாங்கள் போட்டது ஒன்பது மீட்டர். முப்பது கிலோவுக்கு மேல் இரும்பை எழுபது கிலோ படகின் தலைமேல் ஏற்றினோம். புவியீர்ப்பு மையம் மேலே போனால் என்ன ஆகும் என்று முதலாண்டு மெக்கானிக்ஸில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்கள் நாங்கள்! மேலும், உயரத்தில் ஒரு பிடி இருந்தால் மனிதன் அதைப் பிடித்துத் தொங்கத்தான் செய்வான். பயத்தில் இருப்பவன் இன்னும் இறுக்கித் தொங்குவான். படகை நிமிர்த்த வேண்டிய நெம்புகோல் படகைக் கவிழ்க்கிற நெம்புகோலாக மாறியது.

அப்படியானால் காற்றுப் படகுக்குச் சட்டமே வேண்டாமா? வேண்டும், கீழே வேண்டும்! ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள். மூங்கில் பின்னல்தான் அதற்கு உருவம். மேலே போர்த்திய தோலோ தார்ப்பாயோ தண்ணீரைத் தடுக்க மட்டுமே. காற்றுப் படகிலும் அடியில் பலகையோ அலுமினியத் தளமோ இல்லையென்றால் அலையில் அது நடுவில் மடங்கும். ஏறுகிறவரின் கால் அழுந்துகிற இடமெல்லாம் பள்ளமாகும். மோட்டாரின் தள்ளுவிசையைத் தாங்கப் பின்பலகை உறுதியாக வேண்டும். ரிஷிகேஷில் கங்கையில் விடுகிற ராஃப்ட்களில் பெரிய துடுப்புகளைப் பொருத்துவதற்கென்றே அலுமினியச் சட்டம் வைப்பதுண்டு. எல்லாமே ஒரு வேலைக்காக, எல்லாமே தாழ்வாக.

தெருவெள்ளத்தில் உயரம் ஆபத்து

2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. சென்னைத் தெருக்களில் காற்றுப் படகுகளும், மீனவர்கள் லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் படகுகளும்தான் ஓடின. கற்பனை செய்து பாருங்கள். தெருவில் ஐந்தடி தண்ணீர் என்றால் படகில் இருப்பவன் ஐந்தடி உயரத்தில் மிதக்கிறான். கேபிள் ஒயர், தொய்ந்த மின்கம்பி, மரக்கிளை, வரவேற்பு வளைவு எல்லாம் தலைக்கு அருகே வந்துவிடும். அங்கே இரும்பு வளைவை நிமிர்த்திக்கொண்டு போவது எவ்வளவு பெரிய வம்பு!

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் நடந்த ஒரு காட்சியைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். காற்றடைத்த மீட்புப் படகு நிற்கிறது. பெண்களால் அதன் டியூப் மேல் ஏற முடியவில்லை. ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து தன் முதுகையே படியாக்கினார். அவர் முதுகை மிதித்து அவர்கள் ஏறினார்கள். நாம் எல்லோரும் அந்த மனிதரைப் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மெக்கானிக்கல் படிக்கிறவன் இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் படகுக்குத் தேவைப்பட்டது ரோல் பார் இல்லை. ஒரு படி! ஒரு மனிதனின் முதுகு செய்த வேலையை இரண்டடி பைப் செய்திருக்கும்.

"இருந்துட்டுப் போகட்டுமே!"

கூட்டத்தில் ஒரு தோழர் சொன்னார்: "இருந்துட்டுப் போகட்டுமே, பார்க்க கெத்தா இருக்கு. நாலு பேர் நம்ம காலேஜ் பேரச் சொல்வாங்க." எனக்கும் அந்த ஆசை இருந்ததால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார்களுக்கு முன்னால் பம்பர் கார்டு என்று இரும்புக் குழாய் மாட்டினார்களே, அதுவும் கெத்துக்குத்தான். மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பாகத்தை அது வேலை செய்ய விடாது, ஏர்பேக்கையும் குழப்பும், நடந்துபோகிறவரையும் நொறுக்கும் என்பதால் மத்திய அரசு 2017 டிசம்பரில் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பாதுகாப்பு மாதிரி தெரிவது வேறு, பாதுகாப்பு வேறு.

இன்னொரு தோழர் கேட்டார்: "சரி, பையையும் வாங்கி மாட்டிடலாமே?" நியாயமான கேள்வி. ஆனால் கெட்டியான அடிப்பாகம் இல்லாத படகில் அந்தச் சட்டத்தை எதில் ஊன்றுவது? பின்பலகை ஒன்றுதான் கெட்டி. பை ஊதும்போது வருகிற விசை முழுவதும் அந்தப் பலகையைப் பிய்க்கப் பார்க்கும். நான்கடித் தண்ணீரில் பை ஊத இடமும் இல்லை, சட்டம் சேற்றில்தான் குத்தும். அதை நான் கண்ணால் பார்த்தவன்.

எனவே பேரவைக்கு என் கோரிக்கைகள் இவை. சேர்ந்த பணத்தில் முதலில் லைஃப் ஜாக்கெட்டும் வீசு கயிறும் வாங்குவோம். படகில் ஏறுகிறவர், ஏற்றுகிறவர் இருவருக்கும் அது வேண்டும். அடுத்து, நம் ஒர்க்ஷாப் வேலையாகத் தளச் சட்டம், டியூப்பைச் சுற்றிக் கைப்பிடிக் கயிறு, மாட்டிக் கழற்றும் படி ஆகியவற்றைச் செய்வோம். ஒவ்வொரு முனையையும் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, பழைய சைக்கிள் டியூப் சுற்றிப் பிறகே படகில் வைப்போம். அச்சில் ஒரு பிசிறு இருந்தால் பாவு அறுந்துபோகும் என்பது தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ரப்பருக்கும் அதே நியாயம்தான். கடைசியாக, ஆசிரியர்கள் முன்னிலையில், நீச்சல் தெரிந்தவர்கள் துணையோடு, படகை வேண்டுமென்றே கவிழ்த்துக் கயிறு போட்டுப் புரட்டப் பழகுவோம். திருட்டுத்தனமாக இல்லாமல், எல்லோருக்கும் சொல்லிவிட்டு!

ஹோர் என்ற அந்த ஆசிரியரும் மாணவர்களும் பல ஆண்டுகள் செய்து, உடைத்து, மறுபடி செய்துதான் ஒரு சரியான படகைக் கண்டார்கள். நாங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதன் நிழலை மட்டும் வெல்டிங் வைத்தோம். அடுத்த முறை எந்த டிராயிங் போட்டாலும் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் "இது எதுக்கு?" என்று ஒரு வார்த்தை எழுதுவோம். பதில் வராத கோட்டை அழித்துவிடுவோம்.

அந்த மஞ்சள் ரோல் பார் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டார்கள். அதை அறுத்து இரண்டு படிகள் செய்திருக்கிறேன். ஒர்க்ஷாப் மூலையில், டிரில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். அப்பா வந்து பார்த்தார், ஒன்றில் ஏறியும் பார்த்தார். "இது எதுக்குன்னு கேக்க வேண்டியதில்ல" என்றார். ஏரியில் மாட்டிக்கொண்ட நண்பன்தான் முனைகளுக்கு டியூப் சுற்றினான். நீங்களும் வந்து முனைகளைத் தடவிப் பாருங்கள். எங்காவது பிசிறு இருந்தால் சொல்லுங்கள், தேய்த்துவிடலாம்.

— இயந்திரவியல் துறை, இறுதியாண்டு மாணவன்